சந்தேக ஓட்டு

பேரையூர்,
மார்ச் 4.

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அம்மாவும் நலம். நம் ஆடு கறுப்பி இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடாய். மதுரையில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசினால் நீயும் கத்துகிறாய், நானும் கத்துகிறேன், உன் அம்மா நடுவில் நின்று அழுகிறாள். அதனால்தான் கடிதம். இதில் என் குரல் உயராது, பார்.

பேப்பரில் உன் படம் வந்தது. கான்ட்ராக்ட் நர்சுகள் போராட்டத்தில், அந்தக் கட்சிக்காரன் கொடிக்குக் கீழே கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறாய். டீக்கடையில் சிவபாண்டி அதை விரித்து வைத்து, "என்ன மாமா, நம்ம கிளைச் செயலாளர் வீட்டுலயே அவுக கொடி பறக்குது?" என்று கேட்டான். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எனக்குப் பதினைந்து வயதில் மழை பொய்த்துப் போய், புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்துத் தின்ற வீடு நம் வீடு. கம்மாய் வெட்டப் போனவர்களுக்குக் கூலியாக அரிசி அளந்து போட்டது நம் கட்சிதான். அன்றைக்கு என் ஆத்தா வடித்த சோற்றின் வாசனை இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. அதை மறக்கிறவன் மனுசனா, தாயி?

தேர்தலுக்கு ஊருக்கு வா. ஓட்டுப் போடக் கிளம்பும்போது வழக்கம்போலத் திருநீறு பூசிவிடுகிறேன். நீயும் வழக்கம்போல நம் சின்னத்தின் பெயரை வாயால் சொல்லிவிட்டுக் கிளம்பு. அது போதும். மற்றதையெல்லாம் மறந்துவிடுகிறேன்.

உன் அப்பா,
முத்துப்பாண்டி

மதுரை,
மார்ச் 9.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் வந்து பார்க்கும்வரை குட்டிகளை விற்றுவிடாதீர்கள். நன்றாகச் சாப்பிடுகிறேன். அம்மாவின் பருப்புப்பொடிதான் தீர்ந்துவிட்டது.

குரல் உயராது என்று எழுதியிருந்தீர்கள். "அந்தக் கட்சிக்காரன்" என்ற இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது, அப்பா.

அந்த மேடை நாங்கள் போட்டது. அவர்கள் கொடியோடு நடுவில் வந்து ஏறினார்கள். உங்கள் கட்சியிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பதினோரு மாதத்துக்கு ஒருமுறை எங்களை வேலையிலிருந்து நிறுத்தி, ஒரு நாள் விட்டு மறுபடி எடுக்கிறார்கள். அந்த ஒரு நாள் நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் நர்ஸ் இல்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் "வேலை நிரந்தரமா?" என்று கேட்டார்கள். நீங்கள் "ஆமா" என்றீர்கள். உள்ளே நின்ற எனக்குத் தலை குனிந்து போனது.

நீங்கள் தினமும் படுக்கப் போகும் முன் அரிசி டிரம்மைத் திறந்து பார்ப்பீர்கள். நிறைய அரிசி இருந்தாலும் பார்ப்பீர்கள். அம்மா கேலி செய்வாள். நான் படுக்கப் போகும் முன் போனைத் திறந்து பார்க்கிறேன், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று செய்தி வந்திருக்கிறதா என்று. அந்தச் சோற்றை நான் குறை சொல்லவில்லை. டிரம்மைப் பற்றிய பயமே தெரியாமல் என்னை வளர்த்துவிட்டீர்கள். என் பயம் வேறு. அதற்கு யார் வழி சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் போடப்போகிறேன்.

உங்கள் கையால் திருநீறு வேண்டும். ஆனால் சின்னத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். நெற்றியில் திருநீற்றை வைத்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வராது. அது உங்களுக்குச் சம்மதமில்லை என்றால் நான் வரவில்லை.

உங்கள்,
சத்யா

மதுரை,
மார்ச் 20.

அன்புள்ள அப்பாவுக்கு,

பதிலே இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டால், "அப்பா நல்லாத்தேன் இருக்காரு" என்கிறாள். பின்னால் நீங்கள் இருமுவது கேட்கிறது. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

லீவு சொல்ல வேண்டும். வரவா, வேண்டாமா? ஒரு வரி எழுதினால் போதும்.

சத்யா

பேரையூர்,
மார்ச் 27.

அன்புத் தாயிக்கு,

எழுத உட்கார்ந்தபோதெல்லாம் திட்டுத்தான் வந்தது. அதனால்தான் எழுதவில்லை.

நேற்று எங்கள் பூத் கூட்டம். தேர்தலுக்குத் தேர்தல் வாக்காளர் பட்டியலை நான்தான் வாசிப்பேன். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் இருப்பவர்கள் "நமக்கு", "அவுகளுக்கு", "சந்தேகம்" என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார்கள். நம் வீட்டுப் பெயர்கள் வந்தால் மட்டும் யாரையும் கேட்காமல் நானே "நமக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். நேற்று உன் அம்மா பெயர்வரை அப்படித்தான் போனது. அடுத்து உன் பெயரை வாசித்தேன். "நமக்கு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிவபாண்டிதான் மெதுவாக, "சந்தேகம்னு போட்டுக்கிருவோமா மாமா?" என்றான். பாவம், என் மரியாதையைக் காப்பாற்றத்தான் கேட்டான்.

எனக்கு எம்புட்டுக் கோபம் வந்தது தெரியுமா? "எம் மக மேல என்னடா சந்தேகம்? மனசுல உள்ளத எனக்கு எழுதியே போட்டுட்டா. அது அவ ஓட்டு. அடுத்த பேரக் கேளு" என்று சொல்லிவிட்டேன்.

நேற்றும் படுக்கப் போகும் முன் டிரம்மைத் திறந்தேன். உன் போன் ஞாபகம் வந்துவிட்டது. பிள்ளை அங்கே தனியாக உட்கார்ந்து இப்படித்தானே பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்ததும் மனசு தாங்கவில்லை.

ஆனால் ஒன்று. நான் நம் சின்னத்துக்குத்தான் போடுவேன். உன் ஆட்கள் டெபாசிட் இழக்க வேண்டும் என்றுதான் இந்த வெயிலில் தெருத்தெருவாகப் போகிறேன்.

நீ வா. பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருகிறேன். வண்டியில் கட்டியிருக்கும் கொடியை அவிழ்த்து வைத்துவிட்டு வருகிறேன், நீ ஏற வேண்டுமே. பருப்புப்பொடி இடித்தாயிற்று. குட்டிகளையும் விற்கவில்லை.

திருநீறு பூசும்போது நான் எதுவும் கேட்கமாட்டேன். நீயும் எதுவும் சொல்லாதே. நெற்றியை மட்டும் காட்டு.

உன் அப்பா