உன் அண்டாவில் என் வெந்நீர்

பிடிவாதம் பிடிக்கவே பிறந்த என் பிரியமுள்ள மச்சானுக்கு,

கூரை இடிந்து விழவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். "மொட்ட மாடியில அத்தச்சோட்டு டேங்க ஏத்துனீன்னா, ஒரு நாளைக்குச் சோறு உண்கறப்ப தட்டுலயே வந்து உக்காந்துக்கும் மாப்ள" என்றாயே, இன்று வரை நான் நிம்மதியாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். தட்டில் சோறு மட்டும்தான் இருக்கிறது. சில நாள் உன் தங்கச்சி உப்புப் போட மறந்துவிடுகிறாள். அதற்கு டேங்க் என்ன செய்யும்?

சோலார் டேங்க், வெயிலிலேயே தண்ணீர் காயும் என்றதற்கு இன்னொன்றும் கேட்டாய். "வெயில் இல்லாத நாள்ல என்ன பண்ணுவ? சூரியனுக்குப் போன் போடுவியா?" அதற்கு நல்ல பதில் ஒன்று வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஹனூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாய்.

நம் சண்டை எல்லாமே அப்படித்தானே? பாதியில் நீ எழுந்து போவாய். நாலு நாள் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி போன் செய்து, "ஏன் மாப்ள, அங்க மழையா?" என்பாய். இந்தத் தடவையும் போன் வந்தது. உன் மகன் முருகேசன் பேசினான். "அப்பா தூக்கத்துலயே போயிட்டாருங்க மாமா" என்றான். பதில் சொல்ல முடியாமல் தப்பித்துப் போய்விட்டாய் என்றுதான் நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு டேங்க் சண்டைக்கு யாராவது அவ்வளவு தூரம் போவார்களா மச்சான்?

விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர வேறு வழி தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பாதி, மாட்டுக்குப் பாதி என்று படித்தவன் நான். எழுத்துப் பிழை இருந்தால் உன் படிப்பை வைத்துத் திருத்திக்கொள். உனக்கு அந்தப் பாதியும் கிடையாது!

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குப்புசாமி என் சம்சாரம் சரசுவின் அண்ணன். கொள்ளேகால் பக்கம் மஞ்சள் வியாபாரம். வயதில் என்னைவிடக் கொஞ்சம் பெரியவன், வாயில் ரொம்பப் பெரியவன். இனி நீங்கள் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள்.

மைசூரில், இந்த விஜயநகரில், நாங்கள் வீடு கட்டிக் குடிபோன நாளில் சீர் என்று நீ ஒரு செப்பு அண்டா கொண்டுவந்தாய். இந்த ஊர்க்காரர்கள் ஹண்டே என்பார்களே, அடுப்பிலேயே பதித்து வெந்நீர் போடுகிற அந்த அண்டா. பஸ் மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு வந்தாய். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டதற்கு, "இது எந் தங்கச்சிங்க, புருஷன் வீட்டுக்குப் போகுது. ஜன்னலோரம் சீட்டுக் குடுப்பீங்களா?" என்றாயாம். அன்றிலிருந்து கொல்லைப்புறக் குளியலறையில் தினமும் தென்னை மட்டையும் கொட்டாங்குச்சியும் போட்டு எரித்து, அந்த அண்டாவில்தான் சரசு தண்ணீர் காய வைத்தாள். அந்தப் புகையைத்தான் இத்தனை வருஷமாய் மூச்சாக இழுத்தாள்.

"இந்த நெஞ்சு இனிப் புகை தாங்காது. அடுப்பு எரியற எடத்துல இவங்க நிக்கவே கூடாது" என்று டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். உன்னிடம் அதைச் சொன்னபோது, "டாக்டருக்கென்ன தெரியும், எங்கம்மா எம்பது வயசு வரைக்கும் புகையிலதான் இருந்தா" என்றாய். உங்கம்மா கடைசியில் எப்படி இருமினாள் என்று நான் கேட்க வாயெடுத்தேன். அப்போதும் நீ எழுந்து போனாய்.

உன் காரியம் எல்லாம் முடிந்தபின் கடைக்குப் போனேன். உன்னை மீறி வாங்குவதற்குத்தான். கடைக்காரப் பையன் முந்நூறு லிட்டர் டேங்கைக் காட்டி, "விருந்தாளிங்க வருவாங்க சார், இதையே எடுத்துக்கோங்க" என்றான். "தசராவுக்கு வர்ற யானைங்க அரண்மனையிலயே குளிச்சுக்குதுப்பா, எங்க வீட்டுக்கு வர்றதில்ல" என்றேன். வீட்டில் கிழவனும் கிழவியும்தான். சின்னது போதும் என்று நூறு லிட்டரில் நின்றேன்.

பளபளவென்று ஸ்டீல் டேங்க் ஒன்றும் காட்டினான். எனக்கு அதன்மேல் ஒரு கண்தான். ஆனால் எங்களுக்கு வருவதில் பாதி போர்வெல் தண்ணீர். டம்ளரில் வைத்தால் அடியில் வெள்ளை படிகிற உப்புத் தண்ணீர். அது ஸ்டீலை அரித்துவிடும் என்று பேக்டரியில் குழாய்களோடு கிடந்த எனக்குத் தெரியாதா? உள்ளே கண்ணாடிப் பூச்சுப் பூசியதாகப் பார்த்து எடுத்தேன். பார்க்க எருமை மாதிரிதான் இருக்கும். நானும்தான் அப்படி இருக்கிறேன், சரசு வைத்துக்கொள்ளவில்லையா?

மாட்ட வந்தவன் பெயர் மஞ்சு. குழாய்க்காரன். மாடிக்கு வந்ததும் நடு மாடியில் காலை ஊன்றி, "இல்லே ஹாக்கோணா யஜமான்ரே" என்றான். அங்கேயே வைத்துவிடலாமாம். அங்கே வைத்திருந்தால் நீ சொன்னது நடந்தாலும் நடந்திருக்கும். கீழே சுவர் போகிற இடத்தைக் கயிறு பிடித்துப் பார்த்து, ஸ்டாண்டின் கால் ஒவ்வொன்றும் சுவரின் தலையில் உட்கார்கிற மாதிரி வைக்கச் சொன்னேன். வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே வைத்தான். தென்னை மரத்து நிழல் படக்கூடாது, காய் விழுந்து கண்ணாடிக் குழலை உடைக்கக்கூடாது என்று ஒதுக்கி வைத்ததில் குளியலறைக்கு வருகிற பைப் நீண்டுபோய்விட்டது. முதலில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர்தான் வரும். அது வாழைக்கு.

ஆவி போக டேங்க் தலையில் ஒரு குழாய் நட்டுக்கொண்டு நிற்கிறது, பாதிப் பேச்சில் நீ நீட்டுகிற விரல் மாதிரி. அழகாக இல்லை, மூடி போட்டு அடைத்துவிடலாமா என்று மஞ்சு கேட்டான். "அடைக்காதப்பா, அப்புறம் எங்க மச்சான் மாதிரி உள்ளுக்குள்ளயே கொதிச்சு வெடிச்சுரும்" என்றேன்.

எல்லாம் முடிந்தது. கையை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் கொட்டியது. சரசு வந்து பார்த்தாள், விரலை நனைத்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது, நீங்க குளிங்க" என்றாள். பிறகு நேராகக் கொல்லைக்குப் போய் அண்டாவுக்கு அடியில் மட்டையைச் சொருகித் தீ வைத்தாள்.

"ஏன் அம்மிணி, இதென்ன அநியாயம்?"

"எங்கண்ணன் குடுத்தது. அண்ணன் போன வருசத்துலயே அத வெறுங்கொடமாப் போட்டு வைக்கணுமா? நான் உசுரோட இருக்கற வரைக்கும் அது தண்ணியில்லாமக் காயாதுங்க."

உன்னோடு என்றால் சண்டை போடலாம். நீ இல்லாததோடு எப்படிச் சண்டை போடுவது?

ஆனால் நான் விடவில்லை. தீப்பெட்டியை ஒளித்து வைத்தேன், பக்கத்து வீட்டில் வாங்கிவந்தாள். மட்டையை எல்லாம் அள்ளிக் குப்பை வண்டியில் போட்டேன், பழைய பாயைக் கிழித்து எரித்தாள். தினமும் அங்கே உட்கார்ந்து இருமுவாள், நான் மாடியைப் பார்த்து டேங்கைத் திட்டுவேன். இந்த ஆனியும் ஆடியும் தூறிக்கொண்டே இருந்தது. நீ சொன்ன மாதிரி சூரியன் போனை எடுக்கவில்லை. மழைநாளுக்கென்று டேங்குக்குள்ளேயே கரண்டில் காய்கிற கம்பி ஒன்று இருக்கிறது. அதுதான் உனக்கு வைத்திருந்த பதில்! சுவிட்சைத் தட்டியபோது உன்னைத்தான் தேடினேன்.

அப்புறம் தீபாவளி வந்தது. இந்த ஊரில் முந்தின நாள் நீரு தும்புவ ஹப்பா, தண்ணீர் நிரப்புகிற பண்டிகை. பழைய தண்ணீரைக் கொட்டி, ஹண்டேயைப் புளி போட்டுத் தேய்த்து, சுண்ணாம்பும் செம்மண்ணும் பட்டை அடித்து, சாமந்திப் பூச்சுற்றி, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். மறுநாள் விடிவதற்கு முன்னே எண்ணெய்க் குளியல். வந்த நாளிலிருந்து சரசுவும் செய்கிறாள். இந்த வருஷம் அந்தப் பூஜையை மாடியில் இருக்கிறவனுக்குச் செய்வது என்று நான் முடிவு கட்டினேன். மரியாதை மாறினால் மனசும் மாறும் அல்லவா?

வெயில் ஏறுவதற்கு முன்னே மாடிக்குப் போனேன். முறைப்படி எல்லாம் செய்தேன் மச்சான். டேங்கில் இருந்த பழைய வெந்நீரை முழுக்க வடித்தேன். புதுத் தண்ணீர் நிரப்பினேன். பிறகு பட்டை. டேங்குக்கு மட்டும் அடித்தால் குறையாக இருந்தது. அதனால் வெயிலை வாங்குகிற கண்ணாடிக் குழல்களுக்கும் ஒன்றுக்குச் சுண்ணாம்பு, அடுத்ததற்குச் செம்மண் என்று ஒன்றுவிடாமல் கெட்டியாக அடித்தேன். மேலே சாமந்தி மாலை. கோயில் மதில் மாதிரி இருந்தது. கீழே வந்து சரசுவிடம் மீசையை முறுக்கினேன்.

மறுநாள் இருட்டோடு எல்லாரும் தலையில் எண்ணெயோடு நின்றோம். துக்க வருஷமானாலும் அத்தைக்குச் சீர் தவறக்கூடாது என்று வந்திருந்த முருகேசனும்தான். உன் இடத்தில் அவன். பண்டிகையாச்சே என்று சரசுவும் அன்று என் குழாய்க்கு ஒப்புக்கொண்டிருந்தாள். ஒரு வாளி வாழைக்குப் போனது. இரண்டாவது வாளியும் பச்சைத் தண்ணீர். மூன்றாவதும் அதுதான். கரண்டுக் கம்பியைப் போட்டால் காய்வதற்குள் விடிந்துவிடும்.

முருகேசன் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். அங்கிருந்தே கத்தினான். "அத்த! மாமா சூரியனுக்கே சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்காரு!"

சரசு சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன். "எங்கண்ணன் மட்டும் இருந்திருந்தா... எங்கண்ணன் மட்டும் இருந்திருந்தா..." என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் அண்டாவுக்குத் தீ மூட்டினாள். மட்டை ஈரம். குப்பென்று புகை அடித்தது. சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உதடு கறுத்துப்போனது. தூக்கி வந்து கொல்லைப் படியில் உட்கார வைத்து, மூச்சு மருந்துப் பம்பை வாயில் வைத்து அழுத்தி, முருகேசன் விசிற, மூச்சு திரும்பி வருவதற்குள் நான் உன்னை எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா? திட்டவில்லை மச்சான். கூப்பிட்டேன்.

ஊரெல்லாம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் வழிகிற தலையோடு நான் ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுபோய் அடுப்பின்மேல் ஊற்றினேன். "இனி இதுல தீ எரியாது. எம்மேல கோவிச்சுக்கோ, உங்கண்ணன் மேல கோவிச்சுக்கோ, எரியாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

முந்தின நாள் தானே பட்டை அடித்துப் பூச்சுற்றியிருந்த உன் அண்டாவை அவள் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க, இது தண்ணி ரொப்பற பண்டிகைதானுங்களே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"தீ மூட்டற பண்டிகை இல்லீங்களே. உங்க டேங்குத் தண்ணிய எங்கண்ணன் அண்டாவுல ரொப்புனா ஆகாதுங்களா?"

அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து என்னை இப்படித்தான் மடக்குவீர்கள் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டதே!

அன்று எல்லாரும் கேஸ் அடுப்பில் காய்ந்த தண்ணீரில் ஆளுக்கு ஒரு வாளி குளித்தோம். முருகேசனும் நானும் புளியைப் போட்டுக் கண்ணாடிக் குழல்களைத் தேய்த்துக் கழுவினோம். பண்டிகை முடிந்து மஞ்சு வந்தான். "ஹண்டேகே யாகே பைப்பு? ஷவர் ஹாக்கொள்ளி யஜமான்ரே" என்று தலையில் அடித்துக்கொண்டான். அண்டாவுக்கு எதற்குப் பைப், ஷவர் போட்டுக்கொள்ளுங்கள் என்கிறான். "அது மச்சான் விஷயம், உனக்குப் புரியாது" என்று பைப்பை அண்டாவின் வாய்வரை இழுத்து அங்கே ஒரு குழாய் வைக்கச் சொன்னேன். அடுப்பு வாயைச் செங்கல் வைத்து நானே பூசி அடைத்தேன். பூச்சு கோணல்தான். நீ இருந்தால் அதையே ஒரு மாதம் பேசுவாய்.

இதோ, இதை எல்லாம் இப்போது சரசுவுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். கொல்லைப் படியில், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "எங்கண்ணனுக்குப் படிப்பில்லைன்னு எழுதியிருக்கீங்களே, நல்லாருக்குதுங்களா?" என்று நடுநடுவே உனக்காகச் சண்டை வேறு. இனிமேல்தான் முக்கியமான இடம், வாக்குக் கொடுக்கிற இடம். கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, குரலை உயர்த்தி, "மச்சான், உன் தங்கச்சி மூச்சுமேல சத்தியமாச் சொல்றேன், உன் அண்டாவுக்கு அடியில இனிமே..." என்று ஆரம்பித்தேன்.

எழுந்துவிட்டாள். "வெயில் எறங்கறதுக்குள்ள குளிச்சுக்கறனுங்க. நீங்க படிங்க, எனக்கு உள்ளயே கேக்கும்." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போகிறாள். அதே உதறல், அதே நடை. குழாயைத் திறந்தாள். செம்பில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இருமல் சத்தமும் கேட்கவில்லை.

நீயாவது கொஞ்சம் உட்கார் மச்சான், முடித்துவிடுகிறேன். உன் அண்டா ஒரு நாளும் தண்ணீர் இல்லாமல் காயாது, அதன் அடியில் ஒரு நாளும் தீ எரியாது. வருஷா வருஷம் பட்டையை அண்டாவுக்கு மட்டும் நான் அடிப்பேன். டேங்குக்கு வெறும் பூ. அதுவும் நிழல் விழாத பக்கமாய். இன்னும் ஒரே ஒரு விஷயம், அந்த ஆவிக் குழாய்...

நீயும் துண்டை உதறிவிட்டாயா? சரி, போ. நாலு நாள் கழித்து மழையா என்று கேட்பாய் அல்லவா, அப்போது சொல்லிக்கொள்கிறேன்.

உன் தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, உன்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்ட,
உன் மாப்பிள்ளை பழனிச்சாமி