பச்சை அடித்த பெட்டி

என்னவளே,

உன் அண்ணன் வீட்டிலாவது நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நம் மகள் கடைசியாக ஏறிய பெட்டியை எங்கள் ரயில் அருங்காட்சியகத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். "விபத்துல சிக்கின பெட்டின்னே தெரியக்கூடாதுப்பா. புதுசு மாதிரி பெயின்ட் அடிச்சிடு" என்றார் மேலாளர்.

ஏன் முடியாதென்று சொல்லவில்லை என்று கேட்பாய். வேறு யார் கையோ படுவதற்கு என் கையே படட்டும் என்று நினைத்தேன். வளைந்த ஜன்னல் கம்பிகளை நிமிர்த்திக் கொடுத்தார்கள். பச்சை அடித்தேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

இன்று திறப்பு விழா. ஜன்னலோரம் ஒரு சிறுமி உட்கார்ந்து, "மாமா, டாட்டா!" என்று கையசைத்தாள்.

"பாத்துப் போம்மா" என்று சொல்லிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சற்று நேரத்தில் அவள் அம்மா வந்து, அவளை இறக்கி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

உன் வீட்டுக்காரன்