குதிகாலைத் தட்டி எழுந்தவன்

திண்டுக்கல்,
ஞாயிறு காலை

அன்பு மகன் கிளெமென்ட்டுக்கு அப்பா கஸ்பார் எழுதுவது. உன்னைக் காவல் சம்மனசு கைவிடக் கூடாது என்று பூசையில் முழங்காலிட்டு வேண்டிவிட்டு, வேட்டியைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. மழையில் நனைந்த சின்ன வெங்காயம் மண்டிக்கு வந்து சேரும்போதே நாறுகிறது. அதைப் பிரித்துக் காயவைக்கவே பாதிப் பொழுது போகிறது.

போனை விட்டுவிட்டுக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். நீ நம்பரை மாற்றிக்கொண்டே இருக்கிறாய். அகப்பட்டாலும், "ஆபீஸ்ல இருக்கேன்ப்பா, அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். தோல் ஷாப் நியாஸ் மகள் பாஸிலா, புருஷனிடம் அமெரிக்கா போகிறாள். "கிளெமென்ட் அண்ணே இருக்கிற ஊருக்குப் பக்கந்தான் மாமா, தேடிப் பிடிச்சுக் குடுத்துருவேன்" என்றாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. நீ ஆபீஸில் இல்லை. படிப்பு பாதியில் நின்றுபோனதும், விசா முடிந்துபோனதும், விடிந்ததும் ஒரு ஹார்டுவேர் கடை வாசலில் கூலி வேலைக்கு நீ நிற்பதும் எனக்குத் தெரியும். உன் கூட்டாளி ஸ்டான்லியைக் குடைந்தேன். செத்த நேரம் மழுப்பினான், அப்புறம் கக்கிவிட்டான். அவனைத் திட்டாதே.

குடையும்படி ஆனது எப்படி என்றால், போன வாரம் பக்கத்து மண்டிப் பொன்னழகு தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். உங்கள் ஊரில் காகிதம் இல்லாதவர்களைப் பிடிக்கிறார்களாம். "பாருங்க கஸ்பாரு, கோழியப் பிடிக்கிற மாதிரில்ல அமுக்குறான்! இங்கயும் இப்டி ரெண்டு பிடி பிடிச்சாத்தான் இந்த வடக்கத்தியானுக ஒழிவானுக" என்று சிரித்தார். நானும் தலையாட்டிக்கொண்டேதான் பார்த்தேன்.

கண்ணாடி கறுத்த வண்டிகள் வந்து நின்றன. முகமூடி போட்டவர்கள் குதித்தார்கள். கூலிக்கு நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஒரு பெரியவர் மட்டும் தடுக்கி விழுந்து, எழ முடியாமல் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஓடிக்கொண்டிருந்த ஒருத்தன் திரும்பி வந்தான். தலையில் குல்லாய், மூக்குவரை துணி, முகம் தெரியவில்லை. பெரியவருக்கு முன்னால் முட்டி மடக்கி உட்கார்ந்து, இடது கையைப் பின்னால் வளைத்து, அவரைப் பிடரியில் சாய்த்துக்கொண்டான். எழுவதற்கு முன் வலது குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினான்.

கிளெமென்ட், அந்தத் தட்டு உலகத்தில் வேறெங்கும் கிடையாது. நான் லோடு தூக்கின காலத்தில் கால் பிசகாமல் இருக்க நானாகப் பழகியது. என்னைப் பார்த்து எங்கள் மண்டி ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். உன்னை நான் ஒரு மூட்டையைக்கூடத் தொடவிட்டதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அத்தனையும் பார்த்து வைத்திருக்கிறாய்! பொன்னழகு கேட்டார், "என்னய்யா, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீரு?"

வீடியோவில் அதற்கப்புறம் நடந்ததுதான் இன்னும் எனக்கு விளங்கவில்லை. தெருவெல்லாம் விசில் சத்தம். வீடுகளிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். இரவு உடுப்போடு ஒரு வெள்ளைக்காரக் கிழவி, வண்டிக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள். யாரோ ஒரு சலவைக் கடையின் கதவைத் திறந்து உங்கள் இரண்டு பேரையும் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தன் கை நீட்டினால் அவனுக்கு என்ன லாபம் என்று பார்த்தே பழகிய கண் என்னுடையது. அந்தக் கிழவிக்கு என்ன லாபம்? நீ யார், அவள் யார்? போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், கணக்கு நேராகவில்லை. கோயிலில் திவ்ய நற்கருணையைத் தூக்கும்போது ஒரு அமைதி வருமே, அப்படி ஒன்று வெங்காய நாற்றத்துக்கு நடுவே எனக்கு வந்தது.

நீ செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். வீடு என்றால் கதவு வேண்டும், நாடு என்றால் சட்டம் வேண்டும். நீ கதவுக்கு உள்ளே பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறாய். ஆனாலும் பொன்னழகு மறுபடி வடக்கத்தியான் பேச்சை எடுத்தபோது, "உள்ளூர்ப் பயலுக பூராம் வேடசந்தூர் மில்லு பஸ்ல ஏறிட்டானுக. இவனுகளயும் பத்திவிட்டா, மூட்டைய நீரும் நானுமாய்யா தூக்குறது?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு மூஞ்சி சுருங்கிப்போனது.

நேற்று சாயங்காலம் போலீஸ் வந்தது. நம் மண்டியில் சதாம் என்று ஒரு பையன் மூட்டை தூக்குகிறான், மேற்கு வங்காளத்துக்காரன். வங்காளம் பேசுகிறவர்கள் எந்த நாடு என்று விசாரிக்கிறார்களாம். இவனுடைய ஆதார் கார்டு ரயிலில் தொலைந்துவிட்டது, நகல் ஊரில் இருக்கிறது. ஜீப்பில் ஏறும்போது, "மொதலாளி, நம்ம பொய் இல்ல" என்றான். அதற்குமேல் அவனுக்குத் தமிழ் வரவில்லை. முன்பென்றால், அது அவன் பாடு என்று கல்லாவைப் பூட்டியிருப்பேன். நேற்று ஸ்டேஷனுக்குப் போய் அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் கேட்டார், "இவன் உங்களுக்கு என்ன வேணும்? எதுக்கு நீங்க காத்துக் கிடக்கீங்க?"

"நாளைக்குக் காலைல லோடு இருக்கு சார், ஆள் வேணும்" என்றேன்.

மறுநாள் ஞாயிறு, மண்டிக்கு விடுமுறை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் டீ வரவழைத்தார். சதாமின் அக்கா ஊரிலிருந்து அந்த நகலைப் படம் பிடித்து அனுப்பினாள். சரிபார்த்து விட்டுவிட்டார்கள்.

இனி உன் விஷயம். விலங்கு மாட்டி விமானத்தில் ஏற்றி அனுப்புகிறார்கள் என்று செய்தியில் பார்க்கிறோம். அதற்கு முன்னால் நீயாக வந்துவிடு. ஒரு நல்ல வக்கீலைப் பார்த்து, முறையாகக் கிளம்புகிற வழியைக் கேள். வெறுங்கையோடு வந்தால் ஊர் சிரிக்கும் என்றுதான் தயங்குகிறாய். சிரிக்கட்டும். நானும் தலையில் சும்மாட்டோடு இந்த ஊரில் நடந்தவன்தான். ஒரு மனுஷனைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் வெறுங்கையோடு வருகிறான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று மறைத்தே வைத்திருந்தேன். இப்போது காப்பி கொண்டு வந்தவள், "பாஸிலாகிட்டயா குடுக்கப் போறீக?" என்று கேட்டுவிட்டு, போகாமல் நின்றாள். அந்த வீடியோ அவள் போனுக்கும் வந்திருக்கிறது. நான் மூட்டை தூக்கின நாளில் மண்டிக்குச் சோறு கொண்டு வந்தவள் அல்லவா, அந்தக் குதிகாலை அவளுக்குத் தெரியாதா? அழவில்லை. ஒன்று மட்டும் எழுதச் சொன்னாள். "அவன் தூக்கிட்டுப் போனானே அந்தப் பெரியவரு, அவருக்குக் கால் தேவலையான்னு கேளுங்க."

பதில் எழுத வேண்டாம் அப்பு. வந்து அவளிடம் நீயே சொல்.

உன் வரவுக்குக் கதவைச் சாத்தாமல் இருக்கும்
உன் அப்பா,
கஸ்பார்