நீ கேட்ட சுவரின் படம்

அன்பு மகனுக்கு,

உன் மெக்சிகோ ஆசிரியரைப் பற்றி நீ எழுதும் புத்தகத்தில் போட, அவர் பாணியில் நீ இராஜபாளையத்தில் கட்டிய நம் வீட்டுச் சுவரைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாய். அனுப்ப முடியாது.

தெருப் பக்கம் சன்னலே இல்லாத அந்தச் சுவர் அழகுதான். அந்த ரோஸ் நிறத்தைப் பார்க்க மில் ஆட்கள் வண்டியை நிறுத்துவார்கள். தெருச் சத்தம் நுழையாத வீட்டில்தான் நிம்மதி என்று உன் ஆசிரியர் சொல்வாராம். அவர் கடைசிவரை தனியாக வாழ்ந்த மனிதர் என்பது நீ அனுப்பிய முதல் அத்தியாயத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா அப்படியில்லை. "கலரு நல்லாத்தான் இருக்கு. யாரு வாறா, யாரு போறான்னுதான் தெரியல" என்பாள். உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள்.

அம்மா போய்ச் சேர்ந்த அன்று நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அம்மா முற்றத்தில் வழுக்கி விழுந்தாள் என்று உனக்குப் போனில் சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

எதிர்வீட்டு மாரீஸ்வரி இன்னும் வந்து அழுகிறாள். "செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் தெருவுல காய் வாங்கிட்டு நின்னேன்ணே. மைனி கூப்பிட்டிருந்தா கேட்டிருக்குமே."

"கூப்பிட்டிருக்க மாட்டா தாயி" என்றேன். உனக்கும் அதையே சொல்கிறேன்.

நேற்று கொத்தனாரை வரச் சொல்லி, சன்னல் வைக்கச் சுவரை உடைத்தேன். "சன்னல எம்புட்டு ஒசரத்துல வைக்கணும் அண்ணாச்சி?" என்று கேட்டார். அவரைத் தெருவில் நிற்கச் சொல்லிவிட்டு, முற்றத்துத் தரையில் படுத்துக்கொண்டு கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கும்வரை சன்னலை இறக்கச் சொன்னேன்.

வேறு வீட்டுப் படம் போட்டுக்கொள்.

அப்பா