அச்சில் ஏறிய முகவரி

டிசம்பர், செவ்வாய் இரவு.

லியாவின் முகம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. யூதச் சங்கத்தில் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளை நடத்துகிறவள். பல வருடங்களாக, இந்த நாட்டுக்கு வந்து நான் தொடங்கிய கிளேட்டன் அச்சகத்துக்குத்தான் வருகிறாள். ஹனுக்கா விளக்குத் திருநாளுக்கான துண்டுப்பிரசுரத்தைப் போன கிழமை அச்சடிக்க அனுப்பியிருந்தாள். விளக்கேற்றல், டோனட், பிள்ளைகளுக்கு முகத்தில் வர்ணம் பூசுதல். நேரம் போட்டிருந்தது, இடம் போடவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். முன்பு அடித்த பிரசுரத்திலிருந்து மண்டபத்தின் முகவரியை எடுத்து, அவளைக் கேட்காமலே தடித்த எழுத்தில் போட்டேன். பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு.

இன்று கட்டைப் பிரித்துப் பார்த்தவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும்தான் இடத்தைச் சொல்வோம். இது எங்களை வெறுக்கிற எவன் கையிலாவது கிடைத்தால்?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவ்வளவையும் அவள் கண்முன்னே வெட்டித் தூளாக்கினேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி சிரித்தாள். "இடம் சொல்லாமல் ஒரு கொண்டாட்டமோ?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கொழும்பில, தமிழரைப் பிடிச்சுக்கொண்டு போன காலத்தில, நாங்கள் இருந்த அறையை ஆருக்கும் சொன்னனாங்களோ?"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அவளைக் கோபித்து என்ன? இங்கே வந்து சுகமாக மறந்துபோனவன் நான்தானே.

மகளின் அரங்கேற்ற அழைப்பிதழ் மேசையில் கிடக்கிறது. நானே அடித்தது. மண்டபத்தின் பெயர், வரைபடம், கார் நிறுத்தும் இடம், எல்லாம் போட்டிருக்கிறேன். இன்றுதான் அதை எடுத்து, மண்டபத்தின் பெயரை விரலால் மறைத்துப் பார்க்கிறேன்.

எல்லாருக்கும் கொடுத்தாயிற்று.