நோன்பு திறக்க வந்தவர்களும் உன் பாட்டிலும்

வில்லியனூர்
2-6-1985

அன்பு மகள் நசீராவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் நலமாயிருக்கிறோம். இதைப் படித்து முடித்த பிறகும் நீ நலமாயிருக்க வேண்டும்.

குலுவில் குளிர் விட்டதா. இங்கே வெயில். லீவில் வந்தபோது உன் ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்து நீ விட்டுப்போன ஹாப்ஸ் செடிப் பாட்டிலை வெயிலுக்குப் பயந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். செடி விரல் நீளம் வந்திருந்தது. இதிலுள்ள வளர்ச்சி ஊக்கி தளிரை மட்டும் கிளப்பும், வேருக்கு வேறு மருந்து, வேறு பாட்டில் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. அடியில் கூழாக உறைந்திருப்பது நம் வீட்டுக் கடல்பாசிதான், அதிலும் சர்க்கரை உண்டு என்று சொன்னதுதான் யாருக்கும் நினைவில்லை. நோன்பு மாதமல்லவா, அம்மா கடல்பாசி காய்ச்சி, டம்ளர்களில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் அதே தட்டில் குளிர வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை, மகனுக்கு உன்னைக் கேட்ட பாகூர் கமருதீன் குடும்பம் நோன்பு திறக்க வந்தது. அன்றே பேச்சை முடிப்பதாக ஏற்பாடு. அவர் மனைவி பாத்திமுத்து, ஒத்தாசை செய்கிறேன் என்று ஃப்ரிட்ஜில் இருந்ததையெல்லாம் எடுத்து வந்து பரப்பிவிட்டார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழம், கஞ்சி, பிறகு கடல்பாசி. பாட்டிலில் இருந்தது விருந்தாளிக்கென்று தனியாகச் செய்தது என்று நினைத்திருக்கிறார். கரண்டி விட்டு முழுவதையும் சாப்பிட்டார். "இன்னா கதீஜா, சர்க்கர கம்மியா போட்டுட்ட. புதினா வேற கசக்குது" என்றார். அம்மா பார்த்தாள்.  அது நீ வளர்க்கிற செடி என்று நான் சொன்னேன். "அண்ணே, வயித்துல மொளைக்குமா" என்று கேட்டார். வேர் மருந்து இதில் கிடையாது, பயப்பட வேண்டாம் என்றேன். அமைதியானார்.

கமருதீன் அமைதியாகவில்லை. என்ன செடி என்று கேட்டார். இதன் பூவைப் போட்டுத்தான் பீருக்குக் கசப்பு ஏற்றுவார்கள் என்றேன். "நோன்பு தொறக்கிற வாயில பீரா பாய்" என்றார். பூ இல்லை, இலைதான் என்றேன். எடுபடவில்லை. "பொண்ணு அந்த வேலய விடட்டும், நாளைக்கே தேதி வச்சிடலாம்" என்றார். உன் வேலையை ஒரு நாளும் ஆதரிக்காத அம்மா, "மூலக்குளத்துல உங்க கட்டடத்துல பிராந்திக் கடதானே நடக்குது" என்றாள். "அது வாடகம்மா" என்றார். தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் நின்று தொழுதோம்.

பள்ளிவாசல் வாசலில் பதில் கேட்டார். உனக்கு எழுதிக் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். நீ லீவில் இருந்த நாளெல்லாம் அந்தச் செடியைப் பற்றித்தான் பேசினாய். பையனைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வேலையை விட மாட்டாள் என்றேன். பாகூர் பஸ்ஸில் எல்லோரையும் ஏற்றிவிட்டேன். பாத்திமுத்து மட்டும் ஜன்னல் வழியாக, பொண்ண நான் கேட்டதா எழுதுங்க அண்ணே என்றார்.

 மறுநாள் காலையில் அம்மா, "அங்கயே கூட வேல செய்யிறவங்கள்ல யாராச்சும் இருந்தா எழுதச் சொல்லுங்க" என்றாள். தொழுகிறவனாக இருக்க வேண்டும். தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்கிறாள். தமிழை நான் வற்புறுத்தவில்லை.

அல்லாஹ் உனக்கு உடல் சுகமும் மன தைரியமும் தரட்டும். ஸ்வெட்டரைக் கழற்றாதே. அப்படி யாராவது இருந்தால் கவரில் எழுது. கார்டைத் தபால்காரர் படித்துவிட்டுத்தான் தருகிறார்.

உன் அத்தா
பக்கீர் முகமது