சொர்ணத்தம்மாவின் வெள்ளிக்கிழமைகள்

10 ஜூன் 2025, செவ்வாய்

மாமியாரை டாக்டரிடம் காட்டி வந்தோம். தினமும் கோவளம் கரையில் நடக்கிறார், மீன் சாப்பிடுகிறார், மீன் ஏலத்தில் நாலு பேரோடு சண்டை போடுகிறார், இப்படியே இருந்தால் தொண்ணூறு பார்ப்பார் என்றார் டாக்டர். "சர்க்கரை மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம மட்டும் இருந்துடாதீங்க." அத்தை தலையாட்டினார். வெள்ளிக்கிழமை பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

13 ஜூன், வெள்ளி

என் மகன் அபிக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது அத்தை கங்கையம்மனுக்கு வேண்டிக்கொண்டது இது. அவனுக்கு ஐந்து வயதாகும்வரை வெள்ளி தோறும் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்தான். ஆனால் மாத்திரையை விழுங்குகிறார்.

"வெறும் வயித்துல வேணாம் அத்தை."

"மாத்திர இன்னா சோறா? வெரதம் கெடாது. போ, புள்ளைய பாரு."

அன்றிலிருந்து அபிக்கு வலிப்பு வரவில்லை. இந்த வலிப்பு வயதோடு தானாக நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். உயிர்வேதியியல் படித்தவள். ஆனாலும், விரதத்தை நிறுத்தச் சொல்லி மறுநாளே வலிப்பு வந்துவிட்டால்?

4 ஜூலை, வெள்ளி

மதியம் அத்தைக்குக் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்வை. சர்க்கரைத் தண்ணீர் கலந்து கொடுத்தேன். தொடவில்லை.

"உட்டுடும்மா" என்றார் என் கணவர் தேவா.

"நான் உட்டு, புள்ளைக்கு வலிப்பு இஸ்துகினா உங்கப்பன் வந்து பாப்பானா?"

நான் டம்ளரைக் கழுவி வைத்தேன்.

18 ஜூலை, ஆடி முதல் வெள்ளி

கோயிலில் ஊருக்கே கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவர் அண்டா பக்கத்திலேயே விழுந்துவிட்டார். மயக்கம்தானே என்று நிழலில் படுக்க வைத்து விசிறியிருக்கிறார்கள். எனக்குச் சொல்லி அனுப்பியதே வெகுநேரம் கழித்து.

22 ஜூலை

ஆஸ்பத்திரியில் அத்தைக்குக் கண் திறந்திருக்கிறது. யாரையும் தெரியவில்லை. சர்க்கரை ரொம்ப நேரம் இறங்கிக் கிடந்ததில் மூளை அடிபட்டிருக்கிறதாம். இதயம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். அதைக் கேட்டு நான் என்ன செய்ய?

27 ஜூலை

அபிக்கு உடம்பு சுடுகிறது. ஐயோ, இப்பவா. தூங்காமல் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கேன்.

28 ஜூலை

காய்ச்சல் இறங்கியது. வலிப்பு வரவில்லை.

8 ஆகஸ்ட், வெள்ளி

அத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். மூக்குக் குழாயில் காலையிலேயே கஞ்சி ஊற்றினேன். வெள்ளிக்கிழமை என்று அவருக்குத் தெரியாது. விழுங்கவும் தெரியாது. அபிக்கு இட்லி ஊட்டினேன். தேவாவுக்கு டப்பா கட்டினேன்.

"நீ சாப்டியா?"

"பொழுது சாயட்டும்."

அவர் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டார்.